காது வைத்த டேப்

மார்ச் 3, செவ்வாய்

டெஸ்ட் லேம்ப்பைக் காணோம். மறுபடியும். வயரில் கரன்ட் வருகிறதா என்று பார்க்கிற லேம்ப். சுவரில் அதற்கென்று ஓர் ஆணி அடித்து, மேலே என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆணி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் ஒரு வேனுக்கு அடியில் கால் மட்டும் தெரியப் படுத்திருந்தான்.

"தம்பி, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா வாய் தேஞ்சா போகும்?"

"கேட்டா குடுக்க மாட்டீங்களே அண்ணி." அடியிலிருந்து பதில் வருகிறது. அவனுடைய லேம்ப்பில் பல்பு போய் ஆறு மாதம். மாற்ற மாட்டான். என் கணவருக்கு இப்படி ஒரு தம்பி. நான்தான் முதலாளியிடம் சொல்லி இந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டேன், வேறு யாரைக் குறை சொல்ல?

மத்தியானம் கேக் அக்கா வண்டியைக் கொண்டுவந்தார். வீட்டில் கேக் செய்து அவரே காரில் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஏசி தகராறு. "காத்து வருது, குளிர் வரல. அதுவும் அரை மணி நேரம் ஓட்டினப்புறம்தான். வீட்டு வாசல்ல நல்ல பிள்ளையா இருக்கும்" என்றார். இங்கேயும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் என் மூக்கு நுனி சில்லிட்டது.

போகும்போது முதலாளி கூப்பிட்டார். ஜூனில் ரயில்வே கேட் பக்கம் இரண்டாவது ஒர்க்‌ஷாப் திறக்கிறாராம். "எலக்ட்ரிக்கல் முழுசும் நீ பாத்துக்கோம்மா. சாவி உன் கையிலதான்" என்றார். சரி என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தரம் தெருவை விட்டுத் தெரு மாறிப் போய்விட்டேன்.

மார்ச் 4, புதன்

கேக் அக்கா வண்டி. ஃபியூஸ் சரி. கேஸ் அழுத்தம் சரி. ஏசிக்கு மின்சாரம் விடுகிற ரிலேயைத் தொட்டால் சூடு அதிகம். ஹாரன் ரிலேயைப் பிடுங்கி இதில் போட்டு, நிழலில் நாற்பது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். குளிர் நிற்கவே இல்லை. புது ரிலே போட்டு, வேலை அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ரோட்டில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். வரிசையில் இன்னும் நாலு வண்டி நின்றன.

மார்ச் 7, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கேக் அக்கா வண்டி உள்ளே வந்தது. இறங்கி, பின் கதவைத் திறந்து காட்டினார். யாரோ தலைமை ஆசிரியை ஓய்வு பெறுகிறார், அதற்காக மூன்றடுக்குக் கேக். வழியில் ஏசி நின்று, மூன்றும் உருகி ஒன்றாகியிருந்தது. மேலே இருந்த சர்க்கரை மூக்குக்கண்ணாடியும் சர்க்கரைப் பேனாவும் சீட் பெல்ட் மேல் வழிந்து கிடந்தன. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. "ரெண்டு நாள் வேலைம்மா இது" என்றார், அவ்வளவுதான்.

முதலாளி என்னையும் கொழுந்தனையும் கூப்பிட்டார். "ரிலே மாத்தியும் நிக்குதுன்னா வயரிங்தான். இதுல கடைசியா வயர்ல கை வச்சது யாரு?" அட்டைகளைப் புரட்டினார். எங்கள் கடையில் அட்டைகளை ஒரு வருடம்தான் வைத்திருப்போம், பிறகு கட்டிப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவோம். போன ஜூலையில் கம்ப்ரஸர் மாற்றிய அட்டை இருந்தது. கொழுந்தன் கையெழுத்து.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அட்டையே பேசிவிட்டதே. ஆனால் கேக் அக்கா நிற்கிறார், முதலாளி என் முகத்தைப் பார்க்கிறார், புதன்கிழமை ரிலேதான் என்று அடித்துச் சொன்னவள் நான். "கம்ப்ரஸருக்கு வயர் இழுத்தது தம்பிதான். அவன் ஜாயின்ட் கொஞ்சம் அவசரக் கை" என்றேன்.

அவசரக் கை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

கொழுந்தன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல் வைத்தான், போடவில்லை, வைத்தான். ஏற்கெனவே அவன் மேல் இரண்டு புகார், தாமதமாக வருகிறான் என்று. முதலாளிக்கு அது போதும். "திங்கக்கிழமையிலேருந்து வராத" என்றுவிட்டார்.

அவன் எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவன். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை. அதில்தான் கொழுந்தன் இருக்கிறான். சாப்பாடு கீழே எங்களோடு. நேற்று இரவு இறங்கி வரவில்லை, இன்று காலையும் இல்லை. மத்தியானம் என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அரை மணி கழித்து அதே தட்டு, மூடிய மூடி அப்படியே, திரும்பி வந்தது.

"என்ன சொன்னான்?"

"பசிக்கலையாம்."

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல." கை கழுவிக்கொண்டே கேட்டார். "அந்த ஜாயின்ட்ட நீ பாத்தியா, இல்ல அவன்தான்னு நெனச்சியா?"

அச்சுக்கூடத்தில் பிழை பார்க்கிற வேலை அவருக்கு. வீட்டிலும் அதே பார்வை. "மாசம் முப்பது வண்டி பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். "சரி சரி. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ஃபியூஸா, எரிஞ்சு போக?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பார்க்கவில்லை. நினைத்தேன். அவர் கேட்டது சரி என்பதுதான் எரிச்சல்.

மார்ச் 9, திங்கள்

டெஸ்ட் லேம்ப் ஆணியில் இருக்கிறது. நாள் முழுக்க இருந்தது.

கேக் அக்கா வண்டி இனி முழுக்க என் தலையில். இன்று ஊகம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கம்ப்ரஸர் முன்னால் இருக்கிற காந்தக் கிளட்ச்சுக்கு முழு மின்சாரம் போனால்தான் அது கம்ப்ரஸரைப் பிடித்துச் சுழற்றும். அது பாதி வழியில் எங்கோ குறைகிறது. எங்கே என்று மீட்டரே சொல்லட்டும். கிளட்ச்சிலிருந்து இரண்டு நீள வயர் இழுத்து, பானெட் இடுக்கு வழியாக மேலே கொண்டுவந்து, மீட்டரைக் கண்ணாடி மேல் வைப்பருக்கு அடியில் சொருகினேன், முகம் என்னைப் பார்க்கிற மாதிரி. அப்படியே ரோட்டுக்கு எடுத்தேன். சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

கல்குவாரி ரோடு, குண்டும் குழியும். இருபது நிமிடம் 13.6 வோல்ட். இருபத்தி மூன்றாவது நிமிடம் 11. பிறகு 9. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது, 7.4, டக். கம்ப்ரஸர் விட்டுவிட்டது. முகத்தில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று.

திரும்பி வந்து மீட்டர் வயரை ரிலேயில் மாட்டி அதே ரோட்டில் அதே பள்ளத்தில் இன்னொரு தரம். ரிலேயை விட்டு வெளியே போகிற இடத்தில் 13.7, அசையவே இல்லை. கம்ப்ரஸர் நின்ற பிறகும் 13.7.

ஆக ரிலேக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில். ஒன்றரை மீட்டர் நீல வயர். அதன் கடைசியில் கொழுந்தனின் ஜாயின்ட் இருக்கிறது.

நான் சொன்னது சரிதான் போலிருக்கிறது. இதை எழுதும்போது ஏன் சந்தோஷமாக இல்லை?

மார்ச் 10, செவ்வாய்

அவன் ஜாயின்ட் இல்லை.

மார்ச் 10, மாலை

காலையில் ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது முயற்சி செய்கிறேன்.

முதலில் அவனுடையதைத்தான் பிரித்தேன். கம்ப்ரஸர் பக்கத்தில், ஸ்லீவ் உறை போட்டு, உள்ளே ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து, பளபளவென்று இருந்தது. இழுத்தேன், முறுக்கினேன். மீட்டர் ஒரு புள்ளி நகரவில்லை. அவசரக் கை என்றேனே, இதைப் போய்.

பிறகு வயர்க் கட்டைப் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பேட்டரித் தட்டுக்கு அடியில், விரலில் ஒரு தடிப்பு. பழைய கறுப்பு டேப். நுனி சின்ன முக்கோணமாக மடித்துவிடப்பட்டிருந்தது.

எங்கள் கடையில் நான் ஒருத்திதான் நுனியை மடிப்பேன். பின்னால் பிரிக்க வருகிறவர்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று. "அண்ணி டேப்புக்குக் காது வச்சுட்டாங்க" என்று கொழுந்தன் சொல்லிச் சொல்லி, எல்லோரும் அதைக் காது என்றே சொல்வார்கள்.

காதைப் பிடித்து இழுத்தேன். சுலபமாகப் பிரிந்து வந்தது. உள்ளே நீல வயருக்கு நடுவில் விரல் நீளத்துக்குப் பச்சை வயர். இரண்டு முனையிலும் வெறும் முறுக்கு. சால்டர் இல்லை. செம்பு களிம்பு பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. எஞ்சின் சூடேறி, வண்டியும் குலுங்கினால் இது எப்படி நிற்கும்?

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறிப் பழைய டைரிகளை இறக்கினேன். இரண்டு வருடத்துக்கு முந்தையது, ஆகஸ்ட் மாதம். என் கையெழுத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"கேக் அக்கா வண்டியில் எலி. ஹெட்லைட் வயர் மூன்று, ஏசி வயர் ஒன்று கடித்து வைத்திருக்கிறது. நீல வயர் தீர்ந்துவிட்டது, பச்சையை ஒட்டினேன். சால்டர் முனை உடைந்துபோயிருந்தது. அவருக்கு அவசரம். இது தற்காலிகம்தான், அடுத்த வாரம் வரச் சொல்லிச் சரியாகப் பற்ற வைக்க வேண்டும்."

அடுத்த வாரத்தில் தேடினேன். மாமியாருக்குக் காய்ச்சல், கணவருக்குப் பல்வலி, மழை. கேக் அக்கா இல்லை.

ஹெட்லைட் வயரை எலி கடித்தது நினைவிருந்தது. நாலாவது வயர் சுத்தமாக மறந்துபோய்விட்டது.

மார்ச் 11, புதன்

புது நீல வயர் போட்டு, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு முடித்தேன். கல்குவாரி ரோட்டில் ஒரு மணி நேரம். 13.6, கடைசிவரை. குளிரில் தோள் விறைத்துப்போனது.

முதலாளி கேட்டார். "என்னம்மா, ஜாயின்ட்தானா?"

"ஜாயின்ட்தான்."

"நான் அப்பவே நெனச்சேன்."

யாருடைய ஜாயின்ட் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. பொய் சொல்லவில்லை என்று நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தரம் சொன்னால் போதாதா? அறுபது தரம் எதற்கு?

மார்ச் 12, வியாழன்

முதலாளி புதுக் கடையைக் காட்டக் கூட்டிப்போனார். சாவியை என்னிடமே கொடுத்துத் திறக்கச் சொன்னார். ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. உள்ளே சுண்ணாம்பு வாசனை. "உன் மேஜை இங்க" என்று காட்டினார். அங்கேயும் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். எந்த லேம்ப்பை மாட்ட, யார் எடுக்க?

பச்சை வயர்த் துண்டு பையிலேயே கிடக்கிறது. பேருந்துச் சீட்டை எடுக்கப் போனால் அதுதான் கையில் வருகிறது. தூக்கிப் போட்டுத் தொலைக்கலாம். அட்டை இல்லை, வண்டி சரியாகிவிட்டது, பார்த்தவர் யாருமில்லை. பேசாமல் இருந்தால் முடிந்தது.

ஆனால் அவன் படிக்கட்டில் இறங்கி வெளியே போகும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான், சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று. என் வீட்டில்.

மார்ச் 13, வெள்ளி

மாடிக்குப் போனேன்.

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நின்றேன்.

"தம்பி, அது உன் ஜாயின்ட் இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தான். "போன ஜூலைலயே பாத்தேன். கம்ப்ரஸர் மாத்தும்போது காது தெரிஞ்சுது. 'அண்ணி, இங்க உங்க பழைய ஜாயின்ட் ஒண்ணு இருக்கு, பிரிச்சுப் பாக்கட்டுமா'ன்னு கேட்டேன். 'ஓடுற வண்டிய நோண்டாத'ன்னீங்க."

அவன் சொன்னதும் அந்த மத்தியானம் முழுசாகத் திரும்பி வந்தது. நான் ஒரு ஜீப்புக்குள் தலைகீழாக வளைந்து கிடந்தேன். வியர்வை கண்ணில். ஆமாம், சொன்னேன். அதே வார்த்தை.

"அப்ப அன்னிக்கு முதலாளிகிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

"எனக்கு ஞாபகமே இல்லடா. சத்தியமா மறந்துட்டேன். வேணும்னு சொல்லல."

நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு கேட்டான். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"செவ்வாக்கிழமை."

விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. "சரி" என்று சட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். கடைசிவரை அவன் அண்ணி என்று கூப்பிடவில்லை. இறங்கி வந்த பிறகுதான் அது உறைத்தது.

மறந்தது குற்றமில்லை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மூன்று நாள்? அதுக்கு என்னடி சொல்லப் போற நீ? சாவிக்காகத்தானே. ஷட்டரே சரியா மேல போகாத கடையோட சாவிக்கு.

மார்ச் 14, சனி

எட்டு மணிக்கே போய்விட்டேன். முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் பச்சை வயர்த் துண்டை வைத்தேன், காது வைத்த டேப்பை வைத்தேன், புதுக் கடைச் சாவியையும் வைத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலையில் அவன் கேட்டதையும், செவ்வாயிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்ததையும்.

டேப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட்டையே இல்ல. நீயா ஏம்மா வந்து சொல்ற?"

"டைரில இருக்குங்க."

"உன் டைரிய யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேனே தினமும்."

அவர் டேப்பைக் கீழே வைத்தார். "ஒரு மனுஷன வேலைய விட்டு அனுப்பியிருக்கேன், உன் ஒரு வார்த்தைல" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் அழுதுவிட்டேன். இந்தக் கடையில் பதினாறு வருடத்தில் முதல் தடவை. சாவியை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

கேக் அக்காவுக்கும் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "யார் ஜாயின்ட்டுன்னு எனக்கென்னம்மா, எனக்குக் கேக் நிக்கணும்" என்றார். வைக்கப் போனவர் திரும்பக் கேட்டார்: "அந்தத் தம்பி வந்துட்டாரா?"

மார்ச் 15, ஞாயிறு

கணவரிடம் சொன்னேன். "பிழை பாக்குறதுக்கு நான் இருக்கேன், திருத்துறதுக்கு நீதான் போகணும்" என்றார். பிறகு எனக்கும் சேர்த்துத் துணி துவைத்துப் போட்டார்.

மார்ச் 19, வியாழன்

முதலாளி மாடிக்கே வந்தார். படி ஏற மூச்சு வாங்கியது அவருக்கு. அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கணவர் வந்து சொன்னார். திரும்ப வேலைக்கு வா என்றாராம் முதலாளி. கிடங்கிலிருந்தும் அவனுக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாளில் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறான்.

நான் போய்க் கெஞ்சலாமா? போனால் எனக்காகப் போகிற மாதிரிதான் இருக்கும்.

மார்ச் 21, சனி

நிலைகொள்ளவில்லை. நல்ல ஹாரன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப மாட்டினேன்.

மார்ச் 23, திங்கள்

வந்தான்.

ஒன்பதரைக்கு. தாமதமாகத்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. கொழுந்தன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். இனி இந்தக் கடையில் எந்த ஜாயின்ட்டுக்கும், போட்டவர் தவிர இன்னொருவர் இழுத்துப் பார்க்காமல் டேப் சுற்றக் கூடாது. போட்டவர், பார்த்தவர், இரண்டு கையெழுத்து. அட்டைகளையும் இனி கட்டிப் போடக் கூடாது. முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார், பாவம்.

மத்தியானம் ஒரு வண்டியில் என் ஜாயின்ட்டை அவன்தான் பார்க்க வேண்டியிருந்தது. குனிந்து, இரண்டு விரலால் பிடித்து, நன்றாகவே இழுத்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பரீட்சை எழுதினவள் மாதிரி. "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டான்.

மார்ச் 28, சனி

கேக் அக்காவுக்குப் பெரிய ஆர்டர். வண்டியை நம்பத் தயக்கம், கூட ஒருவர் வாருங்கள் என்றார். நான் போனேன். பின்சீட்டில் நாலடுக்கு, நான் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பது நிமிடம். ஒரு பூ இதழ்கூட நகரவில்லை. இறங்கும்போது என் பல் தந்தியடித்தது. ஒரு சின்ன டப்பாவில் கேக் கொடுத்தார். "ரெண்டா வெட்டியிருக்கேன், அந்தத் தம்பிக்கும் சேத்து" என்றார்.

மாடிப்படியில் அவன் பங்கை வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

சாப்பிடக் கீழே வந்தான். அண்ணனும் தம்பியும் கிரிக்கெட் பேசினார்கள். என்னிடம் தண்ணீர் கேட்டான், "தண்ணி" என்று மட்டும். கொடுத்தேன்.

புதுக் கடை யாருக்கு என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. கேட்டதும் சுருக்கென்றது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். கொடுக்கட்டும். கொஞ்ச நாள் வலிக்கும்.

ஏப்ரல் 8, புதன்

காலையில் வந்தேன். டெஸ்ட் லேம்ப்பைக் காணோம். ஆணி காலி. ஒரு லாரிக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்காமல் மீட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.